மாதிரிச் சரக்குப் பெட்டிக்கு வர்ணமும் எண்ணும் மட்டும் போதா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மாதிரி ரயில் அமைக்கும் பொழுதுபோக்கைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். தமிழ் இதழ்களில் அதிகம் எழுதப்படாத இத்துறைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரையில் இடம்பெற்ற ஒரு கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கடையில் வாங்கிய சரக்குப் பெட்டி ஒன்றை ஒரு குறிப்பிட்ட ரயில்வேயின் பெட்டியாக மாற்ற, அந்த ரயில்வேயின் வர்ணத்தைப் பூசி எண்ணை ஒட்டினால் போதும் என்றும், அதற்கு மேல் செய்வதெல்லாம் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் இதை அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒரு மாதிரியை அதன் அசலுக்கு ஏற்ப மாற்றுவது என்றால், ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள பெட்டி, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், எந்தக் கோலத்தில் தண்டவாளத்தில் நின்றது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தக் கோலத்துக்கு மாதிரியைக் கொண்டுவருவதாகும். பெட்டியும் ஆண்டும் முடிவாகும் முன் கத்தியைக் கையில் எடுப்பதில் பொருளில்லை. வர்ணம் இந்த வேலையின் கடைசிப் படி மட்டுமே.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தயாரிப்பாளர்கள் ஒரு வார்ப்பச்சைச் செய்ய மிகுந்த பொருட்செலவு செய்கிறார்கள். அந்தச் செலவை மீட்க, ஒரே உடலை இருபது முப்பது ரயில்வேக்களின் வர்ணத்தில் விற்கிறார்கள். அவர்கள் தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ஒரே உடல் உண்மையில் எந்த ரயில்வேயின் எந்த எண்வரிசைக்குப் பொருந்தும் என்பதை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடும் வழக்கம் பரவலாக இல்லை என்பதுதான் என் வருத்தம். அமெரிக்க ரயில்வேக்களின் 40 அடி எஃகுச் சரக்குப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே: செம்பழுப்பு நிறம், நடுவில் நகரும் கதவு, இருபுறமும் ஏணி. நெருங்கிப் பார்த்தால் முனைச்சுவரின் மடிப்புகள் வேறு, கூரைத் தகடு வேறு, கதவு வேறு, கதவுக்கு இருபக்கமும் உள்ள பக்கத்தகடுகளின் எண்ணிக்கை வேறு, பிரேக் சக்கரம் வேறு. இவை யாவும் அந்தந்த ரயில்வேயின் பொறியாளர்கள் தங்கள் தேவைக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப, தனித்தனி உதிரிபாக நிறுவனங்களிடமிருந்து தேர்ந்தெடுத்தவை. ஆகவே ஒரு ரயில்வேயின் பெட்டிக்கு மேல் இன்னொரு ரயில்வேயின் பெயரை எழுதுவது, அப்படி ஒருபோதும் ஓடாத ஒரு பெட்டியை உண்டாக்குவதாகும்.

மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது என்ற வாதத்துக்கு, எண்களைக் கொண்டே பதில் சொல்லலாம். எச்.ஓ. எனப்படும் மாதிரி அளவில் அசலின் 1 அடி, மாதிரியில் 3.5 மி.மீ. ஆகிறது, அதாவது 87.1-ல் ஒரு பங்கு. பென்சில்வேனியா ரயில்வே 1924 முதல் பல்லாயிரக்கணக்கில் கட்டிய எக்ஸ்-29 வகைப் பெட்டியின் உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பெட்டிகளின் உள்ளுயரம் பெரும்பாலும் 10 அடி 6 அங்குலம். வேறுபாடு 23 அங்குலம். மாதிரியில் அது ஏறத்தாழ 6.7 மி.மீ. அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் இது கண்ணில் படும். 1940-களில் எடுக்கப்பட்ட சரக்கு ரயில் படங்களில் கூரைக்கோடு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதைக் காணலாம். அக்கால ரயிலின் அடையாளமே அதுதான். எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரத்தில், வர்ணம் மட்டும் மாறிமாறி வரும் ஒரு ரயிலில் அந்த அடையாளம் மறைந்துபோகிறது. இதைக் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அசலைப் பற்றிய செய்தியை எங்கிருந்து பெறுவது? முதல் ஆதாரம் புகைப்படம். நாள் குறிப்பிடப்படாத படமாக இருந்தாலும் கவலை வேண்டாம். பெட்டியே தன் நாளைச் சொல்லும். அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் மூன்று எடைக் குறிப்புகள் இருக்கும்: கொள்ளளவு, சுமை வரம்பு, பெட்டியின் வெற்றெடை. வெற்றெடையின் பக்கத்தில், கடைசியாக எடை போட்ட இடத்தின் சுருக்கக் குறியும் மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். பழுது, தேய்மானம் ஆகியவற்றால் எடை மாறுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியை மீண்டும் எடை போட்டு, பழைய எண்ணின் மேல் ஒரு துண்டு வர்ணம் பூசி, புதிய எண்ணையும் நாளையும் எழுதுவார்கள். அச்சுத்தாங்கிகளில் எண்ணெய்த் திணிப்பை மாற்றிய நாளும், காற்றுப் பிரேக்கைச் சுத்தம் செய்து சோதித்த நாளும் வேறு இடங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். எடை போட்ட நாள், படம் அதற்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்க முடியாது என்பதை உறுதிப்படுத்துகிறது. தாங்கித் திணிப்பு அதைவிட அடிக்கடி மாற்றப்படுவதால் அந்த நாள் படம் எடுத்த காலத்துக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இந்த இரண்டையும் படித்துவிட்டால், எந்த ஆண்டைக் கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பது ஏறத்தாழ முடிவாகிவிடும்.

இரண்டாவது ஆதாரம், ஆஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் என்ற பதிவேடு. ஒவ்வொரு ரயில்வேயின் பெட்டிகளையும் எண்வரிசை வாரியாக, உள்நீளம், உள்ளகலம், உள்ளுயரம், கதவுத் திறப்பின் அகலம், கன அடிக் கொள்ளளவு, அந்த வரிசையில் அப்போது எஞ்சியிருந்த பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் அது பட்டியலிட்டது. சரக்கு அனுப்புபவர்களுக்கும் ரயில்வே எழுத்தர்களுக்குமாக அச்சிடப்பட்ட இந்த வறண்ட அட்டவணையைப் போல நமக்குப் பயன்படும் ஏடு வேறில்லை என்பது என் கருத்து. படத்தில் உள்ள எண் எந்த வரிசையில் விழுகிறது என்று பார்த்தால், உயரமும் கதவு அகலமும் ஊகத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். பதிவேட்டின் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை ஒப்பிட்டால், அந்த வரிசை எப்போது குறையத் தொடங்கியது, எந்தப் பெட்டிகள் வேறு வகையாக மாற்றிக் கட்டப்பட்டன என்பதும் தெரியும்.

படத்திலிருந்து அளவெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சரிவான கோணத்தில் எடுத்த படத்தில் பெட்டியின் அருகிலுள்ள முனை பெரிதாகவும் தொலைவிலுள்ள முனை சிறிதாகவும் விழும். எனவே உயரங்களை, அதே இடத்தில் தெரிந்த வேறொரு உயரத்தோடு மட்டுமே விகிதம் போட வேண்டும். சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 33 அங்குலம் என்பது தெரிந்திருந்தாலும், சக்கரம் பக்கச்சுவரைவிட உள்ளே தள்ளி இருப்பதால் அதை அளவுகோலாக வைத்துப் பக்கச்சுவரை அளந்தால் கணக்கு பிசகும்.

ஆதாரங்கள் கைக்கு வந்தபின், எந்த மாதிரியை அடிப்படையாக எடுப்பது என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் பொறுமை மிகவும் தேவை. நீளம், உயரம், கூரையின் வடிவம், பக்கத்தகடுகளின் பிரிவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்றேனும் பொருந்தும் உடலைத் தேட வேண்டும். கதவையும் ஏணியையும் பிரேக் கருவியையும் மாற்றுவது எளிது. பக்கத்தகட்டின் ரிவெட் வரிசைகளை இடம் மாற்றுவது மிகக் கடினம். அந்த அளவுக்குப் பொருந்தாத உடலை வைத்துக்கொண்டு மல்லாடுவதைவிட, வேறு தயாரிப்பாளரின் மாதிரியையோ, ரெசினில் வார்த்த பாகங்களை நாமே சேர்த்துக் கட்டும் கிட்டையோ நாடுவது நல்லது. அதுவும் இல்லையெனில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டிலிருந்து பக்கங்களைப் புதிதாகக் கட்டலாம். நல்ல மாதிரியைக் கெடுக்காமல் விட்டுவிடுவதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான்.

உயரம் மட்டும் வேறுபடும் நிலையைப் பார்ப்போம். 10 அடி 6 அங்குல உடலை 10 அடியாக்க 1.75 மி.மீ. குறைக்க வேண்டும். கூரைக்கு அருகே வெட்டினால் கூரையும் பக்கமும் சேரும் நுண்ணிய விளிம்பு போய்விடும். எனவே பக்கங்களின் அடிப்பகுதியில் குறைத்து, கீழே தொங்கும் அடிவிளிம்புச் சட்டத்தை ஸ்டைரீன் பட்டையில் புதிதாக அமைப்பதே நல்லது. கத்தியால் ஒரே மூச்சில் அறுக்கக் கூடாது. எஃகு அளவுகோலை ஒட்டி மெல்லிய கீறலாகப் பலமுறை இழுத்து, பின் மடக்கி உடைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த உப்புத்தாளில் விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடி வளையாது என்பதால் விளிம்பு நேராக அமையும். உயரம் குறைந்ததும் முனைச்சுவரின் மடிப்புகள் பொருந்தாமல் போகும். ஆனால் உயரத்துக்கு ஏற்ற முனைச்சுவரை எப்படியும் தனியாக வாங்கி ஒட்டப்போவதால் அது தடையாகாது.

முனைச்சுவர் பெட்டியின் முகம். ட்ரெட்நாட் என்ற பெயரில் அறியப்பட்ட, எஃகுத் தகட்டை அழுத்தி மடிப்பு மடிப்பாகச் செய்த முனைச்சுவர்கள் அமெரிக்கப் பெட்டிகளில் பெருவாரியாக இருந்தன. மேல்தகட்டில் எத்தனை மடிப்பு, கீழ்த்தகட்டில் எத்தனை மடிப்பு என்பதைக் கொண்டே ஆர்வலர்கள் அவற்றை அழைக்கிறார்கள். போருக்குப் பின் பரவிய திருத்திய வடிவத்தில் மடிப்புகளின் தோற்றமே மாறிவிட்டது. ஒருமுறை இரண்டையும் அருகருகே பார்த்தவர் பிறகு குழம்பமாட்டார். கதவிலும் அப்படியே. யங்ஸ்டவுன் கதவு முழுக்க நெளிநெளியாக இருக்கும். சுப்பீரியர் கதவு பட்டைபட்டையாகப் பிரிக்கப்பட்ட சமதளத் தகடு. ஒரே ரயில்வே ஒரே ஆண்டில் வாங்கிய பெட்டிகளிலேயே பாதிக்கு ஒன்று, பாதிக்கு மற்றொன்று என அமைந்திருப்பதும் உண்டு. பொதுவான வரைபடம் மட்டும் போதாது, அந்த எண்ணுள்ள பெட்டியின் படமே வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, மாதிரியின் தோற்றத்தை எல்லாவற்றையும் விட அதிகமாக மாற்றும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது கைப்பிடிக் கம்பிகள். மலிவான மாதிரிகளில் இவை உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் புகாது. அசலில் இவை ரயில் தொழிலாளியின் உயிரைக் காத்தவை. அமெரிக்காவில் 1893-ல் இயற்றப்பட்ட பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தின் வழியில், மாநிலங்களிடை வணிக ஆணையம் 1911-ல் பிறப்பித்த ஆணை, கைப்பிடிக் கம்பியின் விட்டம் குறைந்தது 5/8 அங்குலம் இருக்க வேண்டும், சுவரிலிருந்து குறைந்தது 2 அங்குலமும் இயன்றால் 2½ அங்குலமும் விலகி நிற்க வேண்டும் என்று வரையறுத்தது. கையுறை அணிந்த விரல்கள் உள்ளே நுழைவதற்கான இடைவெளி அது. மாதிரியில் 2½ அங்குலம் என்பது 0.73 மி.மீ.

வார்த்த கம்பியை உளி போன்ற நேர்முனைக் கத்தியால் செதுக்க வேண்டும். கத்தியைச் சுவரோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, கம்பியின் நுனியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு முறையும் தாள் கனமே வருமாறு சீவ வேண்டும். ஒரே அழுத்தில் எடுக்க முயன்றால் கத்தி சுவருக்குள் இறங்கிவிடும். கம்பியின் இரு முனைகளிலும் உள்ள போல்ட் தலைகளை மட்டும் விட்டுவைத்தால், துளை எங்கே போட வேண்டும் என்பதற்கு அவையே வழிகாட்டும். எஞ்சிய தழும்பை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிய 400 எண் உப்புத்தாளாலும், பிறகு தண்ணீர் தொட்ட 600 எண் தாளாலும் தேய்த்தால் சுவர் வழவழப்பாகிவிடும். பக்கத்திலுள்ள ரிவெட்டுகள் தேயாமலிருக்க அவற்றின் மேல் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளலாம். தப்பித்தவறித் தேய்ந்த ரிவெட்டுகளை, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் படலத்தின் மேல் ரெசினால் அச்சிடப்பட்ட ரிவெட் வரிசைகளைக் கொண்டு மீட்கலாம்.

துளையிடும் இடத்தை ஊசி முனையால் முதலில் குத்திவிட வேண்டும். இல்லையெனில் டிரில் பிட் வழுக்கும். கையால் சுழற்றும் சிறு டிரில்லில் 0.35 மி.மீ. பிட் பொருத்தித் துளையிட்டு, 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகலாம். ஆணையின்படியான 5/8 அங்குலத்துக்கு 0.18 மி.மீ.தான் சரியான விட்டம்; ஆனால் அவ்வளவு மெல்லிய கம்பி கைபட்டவுடன் வளைந்துவிடும் என்பதால் இந்தச் சிறு சலுகையை நான் ஏற்கிறேன். ஒட்டும்போது கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 0.75 மி.மீ. கனமுள்ள ஸ்டைரீன் பட்டையைச் செருகி, கம்பியை அதன் மேல் அழுத்திப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து ஒரு துளி பசை வைக்க வேண்டும். பசை இறுகியதும் பட்டையை உருவிவிடலாம். எல்லாக் கம்பிகளும் சுவரிலிருந்து ஒரே அளவு விலகி நிற்கும்; விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கம்பியின் நிழலும் அதன் பின்னால் தனியே விழும். வர்ணத்தால் மட்டும் இந்த நிழலைக் கொண்டுவர முடியாது.

அடிச்சட்டகத்தைப் பெரும்பாலோர் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஆண்டைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு நிகரில்லை. பழைய கே வகைப் பிரேக்கில் சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் வால்வும் பெரும்பாலும் ஒரே தொகுதியாக இணைந்திருக்கும். ஏ.பி. வகையில் சிலிண்டர், தொட்டி, கட்டுப்பாட்டு வால்வு மூன்றும் தனித்தனியாகத் தொங்கி, குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கும். 1933 முதல் புதிய பெட்டிகளுக்கு ஏ.பி. வகையே தரமாயிற்று. 1953-க்குப் பின், கே வகைப் பிரேக் உள்ள பெட்டி தன் சொந்த ரயில்வேயை விட்டு வேறு ரயில்வேயின் பாதைக்குச் செல்ல அனுமதியில்லை. ஆகவே 1955-ஐச் சித்திரிக்கும் பாதையில், வேற்று ரயில்வேயின் பெட்டி ஒன்று கே பிரேக்குடன் வருமானால் அது காலப்பிழை. மூன்று பாகங்களையும் வாங்கிப் பொருத்துவதும், 0.3 மி.மீ. கம்பியில் பிரேக்கின் இழுகோல்களை அமைப்பதும் ஒரு மாலை நேர வேலை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அடிவிளிம்புக்குக் கீழே தொட்டியின் உருவமும் இழுகோல்களின் கோடும் தெரிகின்றன என்பதையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

கூரையின் மேலும் காலம் எழுதப்பட்டிருக்கிறது. பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் மேல் நடப்பதற்காக அமைந்த நடைபலகை முதலில் மரத்தாலும், 1940-களின் நடுப்பகுதிக்குப் பின் கட்டிய பெட்டிகளில் எஃகு வலைத்தகட்டாலும் ஆனது. 1966 முதல் புதிய பெட்டிகளுக்கு நடைபலகை தேவையில்லை என்றாயிற்று. பழைய பெட்டிகளிலிருந்தும் அது படிப்படியாக அகற்றப்பட்டு, ஏணிகள் குட்டையாக்கப்பட்டன, பிரேக் சக்கரமும் கீழே இறக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை பக்கவாட்டில் ஒட்டப்பட்ட பலநிற அடையாளப் பட்டைகள் இன்னொரு தடயம். 1950-க்கான பெட்டியில் அந்தப் பட்டை இருக்கவே கூடாது. 1972-க்கான பெட்டியில் இல்லாமலிருந்தால் காரணம் சொல்ல வேண்டும்.

இனி வர்ணத்துக்கும் எழுத்துக்கும் வருகிறேன். கட்டுரையாளர் முதலில் வைத்ததை நான் கடைசியில் வைத்தாலும், அதன் முக்கியத்துவத்தைக் குறைக்கவில்லை. டெக்கால் ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்றுக்குமிழி தங்கி, படலத்தின் விளிம்பு வெள்ளையாகத் தெரியும். பளபளப்பு வார்னிஷ் அடித்து, டெக்காலை இளக்கும் திரவத்தால் ரிவெட்டுகளின் மேல் படியவைத்து, பிறகு மங்கல் வார்னிஷால் மூட வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததே. எழுத்தின் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பவர்கள்தான் குறைவு. 50 டன் வகைப் பெட்டியில் வெற்றெடையையும் சுமை வரம்பையும் கூட்டினால், அச்சுகள் தாங்கக்கூடிய மொத்த எடையான 1,69,000 பவுண்டு வர வேண்டும். வெற்றெடை 45,200 என்றால் சுமை வரம்பு 1,23,800. டெக்கால் தாளிலுள்ள எண்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுபவர் இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பது நல்லது. எடைக்குறிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் சிறு செவ்வகமாகப் புது வர்ணம் பூசி, அதன் மேல் வெள்ளை மங்காத புதிய எண்களை ஒட்டி, மற்ற பகுதிகளை வெயிலில் வெளிறியதாகவும் புழுதி படிந்ததாகவும் விட்டால், பெட்டி பல ஆண்டு உழைத்து, அண்மையில் எடை போடப்பட்டது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

ஒரே ஒரு படத்தை நம்புவதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1940-களில் சாண்டா ஃபே ரயில்வேயின் மூடிய சரக்குப் பெட்டிகளில் ஒரு பக்கத்தில் அந்த ரயில்வேயின் வழித்தட வரைபடமும், மறுபக்கத்தில் சூப்பர் சீஃப், எல் கேப்பிட்டன் போன்ற பயணி ரயில்களின் பெயரைத் தாங்கிய விளம்பர வாசகமும் எழுதப்பட்டன. ஒரு பக்கப் படத்தை மட்டும் பார்த்து இரு பக்கமும் ஒன்றையே எழுதிவிட்டால், பாதிப் பெட்டி பொய்யாகிவிடும். மறுபக்கத்தின் படம் கிடைக்கவில்லையெனில், அதே வரிசையிலுள்ள சகோதரப் பெட்டியின் மறுபக்கத்தைத் தேடுவதே வழி.

சலுகைகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதிரி ஓட வேண்டும். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைத்தபடி, எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் எடை இருக்க வேண்டும். ஆறு அங்குலப் பெட்டிக்கு அது 4 அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். கூரையை மூடும் முன் இந்த எடையைத் தரையில் சமமாகப் பரப்பிவிட வேண்டும். சக்கரத்தின் அகலம் வழக்கமான மாதிரிகளில் 0.110 அங்குலம், அசலின் அளவுவீதப்படி 0.064 அங்குலம்தான் வரும். அவ்வளவு குறுகிய சக்கரம் சாதாரண தண்டவாளப் பிரிவுகளில் தடுமாறும் என்பதால், நடுவழியாக 0.088 அங்குலச் சக்கரத்தைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்; நானும் அவர்களுள் ஒருவன். பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் தலையும் கேடி நிறுவனத்தின் சிறிய தலை வகையாக இருந்தால் முனைச்சுவரின் தோற்றம் கெடுவதில்லை. ஓட்டத்துக்காகச் செய்யும் இத்தகைய சலுகையும், தேடிப் பார்க்காமல் விட்டதும் ஒன்றாகா. முன்னதை எந்த ஆர்வலரும் காரணத்தோடு சொல்ல முடியும்.

இவ்வளவையும் படிக்கும் வாசகர் சிலர், முழுமையாக இருந்த ஒரு பொருளை வெட்டுவதும் ஒட்டுவதும் தேவைதானா என்று கேட்கலாம். அசல் பெட்டிகளின் வரலாற்றைப் பாருங்கள். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ரயில்வேக்களின் நிர்வாகத்தை ஏற்று நடத்திய காலத்தில், வெளிப்புறம் எஃகுத் தாங்கிகளும் உள்ளே மரப்பலகையுமாக ஏறத்தாழ 25,000 பெட்டிகள் ஒரே வடிவத்தில் கட்டப்பட்டுப் பல ரயில்வேக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1930-களிலும் 1940-களிலும் மரம் நைந்துபோனபோது, பல ரயில்வேக்கள் தங்கள் பணிமனைகளில் அந்தப் பழைய அடிச்சட்டகத்தின் மேலேயே புதிய எஃகுப் பக்கங்களைப் பொருத்திக்கொண்டன. புதிய பக்கம் பழைய அடிவிளிம்புச் சட்டத்துக்கு வெளியே தள்ளி நின்றதால், இரண்டையும் இணைக்கச் சிறு தாங்கிகள் வைக்கப்பட்டன. அந்தப் பெட்டிகளின் அடிவிளிம்பில் இந்தத் தாங்கிகள் வரிசையாகத் தெரிவதைப் படங்களில் இன்றும் காணலாம். ஒரே வடிவத்தில் பிறந்த பெட்டிகள், ஒவ்வொரு பணிமனையின் கையிலும் வெவ்வேறு கூரையும் முனைச்சுவரும் கதவும் பெற்று வேறுவேறாயின. மாதிரியில் நாம் வெட்டியும் ஒட்டியும் செய்வது, அந்தப் பணிமனைத் தொழிலாளர்கள் செய்ததைப் பின்தொடர்ந்து போவதுதான். ஒரு தாங்கி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடாமல் அதை மாதிரியில் வைக்க முடியாது. விடை தேடும்போது அந்தக் காலத்து எஃகுத் தட்டுப்பாடும், செலவுக் கணக்கும், தொழிலாளியின் பாதுகாப்பும் ஒவ்வொன்றாக நம் முன் வருகின்றன. இந்த அறிவுக்காகவே நான் இப்பொழுதுபோக்கை மதிக்கிறேன்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இவை. இத்துறையைப் பற்றி மீண்டும் எழுதும்போது, அசலைத் தேடி மாதிரியைத் திருத்துபவர்களின் வேலையையும் வாசகர்களுக்குக் காட்டுங்கள். இயன்றால் அசலின் படத்தையும் மாதிரியின் படத்தையும் ஒரே கோணத்தில் எடுத்து அருகருகே வெளியிடுங்கள். கட்டுரையாளரின் மூன்றடித் தொலைவு பற்றிய கருத்து சரியா என்பதை வாசகர்களே அதிலிருந்து முடிவு செய்துகொள்ளட்டும். தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த உடல் எந்த ரயில்வேயின் எந்த எண்வரிசைக்கு, எந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும் என்பதை அட்டைப்பெட்டியில் இரண்டு வரியில் அச்சிடுமாறு அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பொருந்தாத வர்ணத்தையும் விற்கட்டும். அது பொருந்தாது என்பதை வாங்குபவர் அறிந்து வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்